அவர் பேசி முடிக்கும் முன்பே உங்கள் பதில் தயார்! பேச்சைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

"சாப்டாச்சா?" "ஆச்சு, நீங்க?" அவ்வளவுதான். இரண்டே விநாடி! இதில் என்ன பெரிய அதிசயம் என்கிறீர்களா? அந்த இரண்டு விநாடிக்குள் காது, கண், மூளை, நாக்கு எல்லாம் சேர்ந்து அடிக்கும் கூத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். பேசுவது சொல்பவருடைய வேலை, கேட்பவர் சும்மா காதைக் கொடுத்தால் போதும் என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை! கேட்பவருக்கு எவ்வளவு வேலை தெரியுமா?

1. கண் சிமிட்டும் நேரத்தில் பதில்!

ஒருவர் கேள்வியை முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? சராசரியாக சுமார் 200 மில்லி செகண்ட், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு! 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஜப்பானியம், டேனிஷ், கொரியன் உட்பட உலகின் 10 மொழிகளை எடுத்து அளந்து பார்த்தது. ஜப்பானியர்கள் கொஞ்சம் அவசரம், டென்மார்க்காரர்கள் கொஞ்சம் நிதானம். மற்றபடி எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இங்கேதான் வேடிக்கை! பூனைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், "பூனை" என்று சொல்லத் தொடங்கவே மூளைக்குச் சுமார் 600 மில்லி செகண்ட் தேவை. அப்படியானால் 200இல் பதில் வருவது எப்படி? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எப்படி முடிப்பார், எப்போது நிறுத்துவார் என்று ஊகித்து, நம் பதிலை நாக்கின் நுனியில் ஏற்றி வைத்துவிடுகிறோம்!

2. கண்ணாலும் கேட்கிறோம்!

காதில் விழும் ஒலி "பா". திரையில் தெரியும் உதடுகளோ "கா" என்கின்றன. பலருக்குக் கேட்பது எது தெரியுமா? இரண்டும் இல்லை, "டா"! ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் உலகுக்குச் சொன்ன விந்தை இது. கண்ணை மூடிக்கொண்டால் "பா". திறந்தால் மறுபடி "டா". சூட்சுமம் தெரிந்த பிறகும் இந்த மாயை நீங்குவதில்லை! முகத்தைப் பார்த்துப் பேசினால் நன்றாகப் புரிவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

3. இருமல் விழுங்கிய எழுத்து எங்கே போனது?

1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு குறும்பு செய்தார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரே ஓர் ஒலியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். 20 பேருக்குப் போட்டுக் காட்டி, "ஏதாவது ஒலி விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டார். எந்த ஒலி காணவில்லை என்பதை 20 பேரில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை! இல்லாத ஒலியை மூளையே உண்டாக்கிக் காதுக்குக் கொடுத்துவிட்டது. பேருந்து இரைச்சலிலும் கல்யாண மேளச் சத்தத்திலும் நம் பேச்சு தப்பிப் பிழைப்பது இப்படித்தான்!

4. அழுகைக்கும் தாய்மொழி உண்டு!

பிறந்து சில நாள்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையை ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு அலசியது. முடிவு வெளியான ஆண்டு 2009. பிரெஞ்சுத் தாய்மார்களின் குழந்தைகள் தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே ஏற்றி அழுதன. ஜெர்மன் குழந்தைகளோ மேலே தொடங்கிக் கீழே இறக்கின. அந்தந்த மொழியின் ஏற்ற இறக்கமும் அப்படியே! வயிற்றுக்குள் இருக்கும்போதே அம்மாவின் பேச்சை உன்னிப்பாகக் கேட்டிருக்கின்றன, படவாக்கள்!

இன்னொன்று கேளுங்கள். "ட", "த" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சர்வசாதாரணம். பட்டு வேறு, பத்து வேறு! ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு அது பெரும்பாடு. ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தை இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் கேட்டுவிடுகிறது! கனடாவில் ஜேனட் வெர்க்கர் இந்தி ஒலிகளை வைத்துச் செய்த ஆய்வு இது, வெளியானது 1984இல். ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறமை மங்கிவிடுகிறது. தன் வீட்டு மொழிக்குத் தேவையில்லாத வேறுபாடுகளைக் குழந்தை கைகழுவிவிடுகிறது!

5. வேகமாகப் பேசினால் அதிகம் சொல்லலாமா?

ஜப்பானியர்கள் படபடவென்று அசைகளைக் கொட்டுகிறார்கள். வியட்நாமியர்கள் நிதானமாகப் பேசுகிறார்கள். யார் அதிகம் சொல்கிறார்கள்? இருவரும் ஏறக்குறைய சமம்! 2019இல் வெளியான ஆய்வில் 17 மொழிகளை அலசியபோது, எல்லாமே விநாடிக்கு சுமார் 39 பிட் என்ற அளவைச் சுற்றியே நின்றன. ஒரு பிட் என்பது ஆம், இல்லை என்று சொல்லும் ஒரு பதிலின் அளவு. தகவலைப் பிட்டால் அளக்கலாம் என்று கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டியது 1948இல். வேகமான மொழியில் ஓர் அசைக்குச் சரக்கு குறைவு, மெதுவான மொழியில் சரக்கு அதிகம். அவ்வளவுதான் ரகசியம்!

6. பார்க்காத கையும் பேசும்!

தொலைபேசியில் வழி சொல்லும்போது "இப்படிப் போய் அப்படித் திரும்புங்க" என்று கையை ஆட்டுகிறோமே, யாருக்காக? பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் பேசும்போது கையசைக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்தாலும் அசைக்கிறார்கள்! 1998இல் வெளியான ஆய்வு இது. யாரையும் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் அல்ல, பேச்சோடு ஒட்டிப் பிறந்தது!

கை மட்டுமா? சொல்லே உச்சரிக்காமல் விசிலடித்தே பேசுபவர்களும் இருக்கிறார்கள். கனாரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவில், ஸ்பானிய மொழியை அப்படியே விசிலாக மாற்றிப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சேதி சொல்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. பள்ளியில் பாடமாகவே நடத்துகிறார்கள்!

7. உலகப் புகழ் பெற்ற கோயம்புத்தூர் மரியாதை!

ஐந்நூறு ரூபாய் கைமாற்று வேண்டும். எப்படிக் கேட்பீர்கள்? "ஐந்நூறு குடு" என்று நேரடியாகவா? "நம்ம அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று உறவு கொண்டாடியா? "தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு ஐந்நூறு இருக்குமா?" என்று தயங்கியா? அல்லது "மாசக் கடைசி, ரொம்ப நெருக்கடி" என்று கோடி காட்டிவிட்டுச் சும்மா இருப்பீர்களா?

பெனலபி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு மொழி ஆய்வாளர்கள் இந்த நான்கு வழிகளையும் வகைப்படுத்தி ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். மொழியியல் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிற அந்த ஆய்வு 1978இல் முதலில் வந்தது, 1987இல் தனிப் புத்தகமானது. அதற்கு ஆதாரமாக இருந்த மூன்று மொழிகள் எவை தெரியுமா? ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், நம் தமிழ்! தமிழுக்கான உதாரணங்கள் கோயம்புத்தூர் மாவட்டத்து ஒரு கிராமத்திலிருந்து சேகரித்தவை. யாரையும் முகத்தில் அடித்தாற்போலக் கேட்காமல் காரியம் சாதிப்பது எப்படி என்று உலகமே நம் ஊர்ப் பேச்சை வைத்துப் படித்திருக்கிறது!

8. அந்த 93 சதவீதம் சுத்தப் பொய்!

"சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55" என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, நம்பிவிடாதீர்கள்! இந்தக் கணக்குக்கு மூலமான உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் சோதித்தது பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்ற உணர்ச்சியை மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்றால், மொழி தெரியாத படத்தின் கதை 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டாமா?

9. தட்டினால் புரியுமா?

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே மேசையில் தாளம் மட்டும் தட்டுங்கள். எதிரே இருப்பவர் கண்டுபிடிப்பாரா? 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் இதைச் சோதித்தார். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய பாட்டுகள் 120, கண்டுபிடித்தவை வெறும் 3! தட்டுபவர் தலைக்குள் வயலினும் குரலும் சேர்ந்து முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு டொக்கு டொக்கு மட்டும்தான். "எத்தனை தடவை சொல்லிட்டேன், இன்னுமா புரியலை?" என்று நாம் சீறுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்!

10. "ஆ?" உலகத்துக்கே பொது!

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் பேச்சு எப்படிக் கவிழாமல் ஓடுகிறது? "ஆ? என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக் கேட்டுத்தான்! மார்க் டிங்கமான்ஸ் குழுவினர் 2013இல் 10 மொழிகளை ஒப்பிட்டபோது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மொழிகளிலும் இந்தக் குட்டிக் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பது தெரிந்தது. அதற்காக 2015இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் வாங்கினார்கள்!

அதே ஆண்டு வெளியான 12 மொழி ஆய்வில் இன்னொரு சேதி. சராசரியாக 84 விநாடிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பேச்சை நிறுத்திச் சந்தேகம் கேட்கிறார்! அதிலும் ஒரு நாகரிகம் உண்டு. ஒன்றுமே விளங்காவிட்டால்தான் "ஆ?". பாதி விளங்கியிருந்தால் "யாரு?" என்றோ "எங்கே?" என்றோ கேட்டு, எதிராளி முழுவதையும் திரும்பச் சொல்லும் சிரமத்தை மிச்சப்படுத்துகிறோம்!

ஆகவே புரியாதபோது சும்மா தலையாட்டி வைக்காதீர்கள். கூச்சமே வேண்டாம், தாராளமாகக் கேளுங்கள். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை உலகமே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது!