குளிரில் கோழி நடுங்குமா?

2025 ஜனவரி இரண்டாவது வாரம் பெய்த மழை நினைவிருக்கிறதா? 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கி இரண்டு நாள் விடாமல் கொட்டியது. அந்த இரண்டு நாளில் மட்டும் சாங்கியில் பதிவான மழை, ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைத் தாண்டிவிட்டது. பொங்கலுக்குப் பானையும் கரும்பும் வாங்கத் தேக்காவுக்கு வந்தவர்கள் குடைக்குள் ஒடுங்கி நடந்தார்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் பாதி மாணவர்கள் குளிர்சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே அத்தையிடமிருந்து தொலைபேசி அழைப்பு. "ஏம்மா, கோழியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. குளிர் தாங்காதுன்னு கூண்டைச் சுத்தித் தார்ப்பாய் கட்டிட்டேன். சரிதானே?"

நான் வேறு வேலையில் இருந்தேன். "சரி அத்தை" என்று சொல்லிவிட்டேன். அறிவியல் ஆசிரியரான நான் யோசிக்காமல் சொன்ன பதில் அது.

அத்தை சிலேத்தார் வட்டாரத்தில் ஒரு தரைவீட்டில் இருக்கிறார். வீட்டின் பின்புறம் ஆறு பெட்டைக்கோழிகள். திங்கட்கிழமை மாலை நான் போனபோது ஐந்துதான் இருந்தன. வயதான கோழி ஒன்று அன்று காலை இறந்து கிடந்ததாம். இன்னொன்றின் கண்கள் நீர் வடிந்து பாதி மூடியிருந்தன. தார்ப்பாயைத் தூக்கியதும் உள்ளே இருந்து வந்த நெடி என் கண்ணையே எரித்தது. "குளிர்லதான் போயிடுச்சு" என்றார் அத்தை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கோழிக்கு எது குளிர்?

நம் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கோழிக்கு 41 முதல் 42 வரை. நமக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லக்கூடிய சூடு, அதற்கு இயல்பு நிலை. வளர்ந்த கோழிக்கு மிகவும் வசதியான சுற்றுப்புற வெப்பநிலை சுமார் 18 முதல் 24 டிகிரி. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே சுமார் 19 டிகிரிதான். அதாவது, நம் ஊர் வரலாற்றிலேயே மிகக் குளிரான இரவு, கோழிக்கு இதமான இரவு! ஆண்டு முழுவதும் அது உண்மையில் திணறுவது நம் நண்பகல் வெயிலில்தான். 30 டிகிரியைத் தாண்டினால் வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கிவிடும்.

சூட்டைக் காக்க அதனிடம் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. வெளியிறகுகளுக்கு அடியில் பஞ்சு போன்ற தூவிகள் உண்டு. அவற்றுக்குள் சிக்கிய காற்றுதான் அதன் போர்வை. குளிரும்போது இறகைச் சிலிர்த்துக்கொண்டால் அந்தக் காற்று அடுக்கு இன்னும் தடிக்கும். இறகில்லாத கால்களுக்கு வேறு வழி. காலுக்கு இறங்கும் சூடான இரத்தம், அங்கிருந்து குளிர்ந்து ஏறும் இரத்தத்தை உரசிக்கொண்டே போகிறது. வெப்பம் கீழே வீணாகாமல், ஏறும் இரத்தத்தோடு உடலுக்குத் திரும்பிவிடுகிறது.

அப்படியென்றால் அத்தையின் கோழிகள் ஏன் ஒடுங்கி நின்றன? அவை நனைந்திருந்தன. சாரல் ஒரு பக்கமாக அடித்துக் கூண்டுக்குள் விழுந்திருந்தது.

ஈரம் செய்யும் வேலை

தண்ணீர், அசைவற்ற காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இறகுக்குள் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் போர்வை போய்விட்டது என்று பொருள். அந்த நீர் ஆவியாகும்போதும் உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றடித்தால் இன்னும் வேகமாக. ஆகவே 23 டிகிரியில் காய்ந்த கோழி சுகமாக இருக்கும். அதே 23 டிகிரியில் நனைந்த கோழி நடுங்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் 42 டிகிரி வெந்நீர் நிரப்புங்கள். ஒன்றைக் காய்ந்த பஞ்சாலும் மற்றொன்றை நனைத்துப் பிழிந்த பஞ்சாலும் சுற்றுங்கள். இரண்டையும் மின்விசிறிக்கு முன் வைத்து, 20 நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். என் மாணவர்கள் இதைச் செய்தபோது, எது அத்தையின் கோழி என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

சாரலைத் தடுக்க வேண்டும் என்று அத்தை நினைத்தது சரி. ஆனால் நான்கு பக்கமும் மூடியதில்தான் அடுத்த சிக்கல் தொடங்கியது.

மூடிய கூண்டுக்குள் நடந்தது

கோழி நம்மைப்போல் சிறுநீர் கழிப்பதில்லை. அதன் கழிவு யூரிக் அமிலமாக, எச்சத்தோடு வெள்ளையாக வெளியேறுகிறது. எச்சம் காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஈரம் பட்டால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கி, யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியா வாயுவை வெளியிடுகின்றன. கோழிகளின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால், தரையில் பரப்பிய கூளம் இரவெல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். அம்மோனியாவும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்த வாயு கண்ணை எரிக்கும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை அது செயலிழக்கச் செய்யும். பிறகு சாதாரணக் கிருமிகூட எளிதாக நுழைந்துவிடும். பண்ணைகளில் காற்றின் பத்து லட்சம் பங்கில் அம்மோனியா 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வீட்டில் கருவி எதுவும் தேவையில்லை. கோழி உட்காரும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் மூக்கு சுளித்தால் கோழிக்கு அது அளவுக்கு அதிகம். நாம் நின்றுகொண்டு முகர்கிறோம். அதுவோ தரையோடு தரையாக அந்தக் காற்றிலேயே தூங்குகிறது.

வயதான கோழி எதனால் இறந்தது என்று பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை அத்தையிடமும் அப்படியேதான் சொன்னேன். "நான்தான் மூச்சு முட்ட வச்சுட்டேனா?" என்று அவர் கேட்டபோது, சனிக்கிழமை நான் சொன்ன "சரி அத்தை" எனக்கு உறுத்தியது.

உறைபனி நாட்டிலும் இதே பாடம்

உண்மையான குளிர்காலம் உள்ள நாடுகளில் என்ன செய்கிறார்கள்? கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு துறவி, சான்டெக்லேர் என்ற கோழி இனத்தை உருவாக்கினார். அதன் தனிச்சிறப்பு, மிகச் சிறிய கொண்டையும் தாடியும். கொண்டை என்பது இறகில்லாத, இரத்த ஓட்டம் மிகுந்த பகுதி. நம் வெயிலில் சூட்டை வெளியேற்ற உதவும் அதே கொண்டை, உறைபனியில் உறைந்து கருகிவிடும். கூண்டுக்குள் காற்று ஈரமாக இருந்தால் அந்தப் பாதிப்பு இன்னும் கூடும். அதனால் பனி கொட்டும் ஊர்களிலும் அனுபவசாலிகள் கூண்டை முழுக்க அடைப்பதில்லை. கோழியின் மேல் நேராகக் காற்றுப் படாமல், கூரைக்கு அடியில் திறப்பு வைத்து ஈரக்காற்றை வெளியேற்றுகிறார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் பகல் குறுகுவதால் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 10 நிமிடம்கூட இல்லை. ஆகவே இங்கே மழைக்காலத்தில் முட்டை நின்றால் பகல்மேல் பழி போட முடியாது. இறகு உதிர்கிறதா, தீவனம் நனைந்ததா, நோயா என்றுதான் பார்க்க வேண்டும்.

குஞ்சுகளுக்கு மட்டும் குளிர் உண்மையான எதிரி. அவற்றுக்கு இறகு முளைக்கவில்லை. உடல் சூட்டைத் தாமே காக்கவும் தெரியாது. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி தேவை. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரியாகக் குறைக்கலாம். தாய்க்கோழி தன் இறகுக்குள் வைத்து இதைச் செய்கிறது. தாய் இல்லாத குஞ்சுகளுக்கு விளக்குச் சூடு வேண்டும். விளக்கின் அடியில் அவை குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்தால் சரியாக இருக்கிறது.

நாங்கள் செய்த மாற்றங்கள்

அன்று மாலையே தார்ப்பாயை மூன்று பக்கம் அகற்றினோம். சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும், கூரைக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டினோம். வலையைத் தொடவில்லை. இங்கே தரைவீடுகளில் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். கழக வீடுகளில் கூடாது. பறவைக் காய்ச்சலைத் தடுக்க, வெளிப்பறவைகள் நுழையாதபடி கூண்டு இருக்க வேண்டும். வலை காகத்தையும் மைனாவையும் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

நனைந்த கூளத்தை முழுவதும் வாரிவிட்டுக் காய்ந்த மரத்தூளைப் பரப்பினோம். ஈரக் கூளத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரத்தக்கழிச்சல் நோயைத் தரும் ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால்தான் தொற்றும் நிலைக்கு முதிர்கின்றன. நம் மழைக்காலம் அவற்றுக்கு ஏற்ற பருவம். நனைந்த தீவனத்தையும் கொட்டிவிட்டோம். பூஞ்சணம் பிடித்த சோளத்தில் உருவாகும் நஞ்சு, கோழியின் கல்லீரலைக் கெடுக்கும். தேங்கிய தண்ணீரையும் கவிழ்த்தோம். டெங்கிக்காக நாம் செய்யும் அதே வேலை கோழியையும் காக்கும். கோழி அம்மையைப் பரப்புவதிலும் கொசுவுக்குப் பங்குண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று இறந்தால் காத்திருக்காமல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் அத்தையிடம் சொல்லி வைத்தேன்.

கண் மூடியிருந்த கோழி ஐந்தாறு நாளில் தேறிவிட்டது.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது அத்தை தன் சிறுவயதுக் கம்பத்து வீட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே கோழிகள் கூண்டில் அடையாதாம். இருட்டும் நேரத்தில் ரம்புத்தான் மரத்தில் ஏறி, இலை அடர்ந்த கிளையில் உட்கார்ந்துகொள்ளுமாம். எவ்வளவு மழை பெய்தாலும் காலையில் உதறிக்கொண்டு இறங்கிவிடுமாம். புலாவ் உபினில் இன்றும் காட்டுக்கோழிகள் அப்படித்தான் உறங்குகின்றன. நாம் வளர்க்கும் கோழியின் மூதாதை அந்தச் செங்காட்டுக்கோழிதான். தென்கிழக்காசியாவின் மழை அதற்குப் புதிதல்ல. அது தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனித்தால் நல்ல கூண்டின் இலக்கணம் கிடைத்துவிடும்: மேலே கூரை, சுற்றிலும் காற்று.

வடகிழக்குப் பருவமழை மீண்டும் தொடங்கவிருக்கிறது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இப்போதே கூரை ஒழுகுகிறதா, கூளம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மழை கொட்டும் இரவில் குளிருமே என்று தார்ப்பாயை எடுக்கத் தோன்றினால், முதலில் கூண்டுக்குள் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். யாராவது தொலைபேசியில் "சரிதானே?" என்று கேட்டால், நான் இப்போது அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. "இறகு நனைஞ்சிருக்கா? உள்ளே நெடி வருதா?" என்று முதலில் கேட்கிறேன்.