கப்பி மீனின் வயிற்றிலும் பூச்சி

வயலை விட்டு வந்தவர்களுக்கு வளவுதான் வயல். 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளும் அம்பாறைக் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களைக் காணியிலிருந்து பிரித்துவிட்டன. நாலு பேர்ச் மணல் நிலத்தில் நெல் விளையாது. ஆனால், ஒரு சீமெந்துத் தொட்டி கட்டிக் கப்பி மீன் வளர்க்கலாம். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் கப்பிக்கு முக்கிய இடமுண்டு.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூச்சி மருந்து பருக்கிப் பழகிய நமக்கு, மீனுக்கும் வயிற்றுப் பூச்சி உண்டு என்பது புதிதாக இருக்கலாம். 1999 ஒக்டோபர் முதல் 2000 மார்ச் வரை நம் நாட்டின் 26 அலங்கார மீன் பண்ணைகளில் நடந்த ஆய்வில் பலவகை ஒட்டுண்ணிகளுடன் கப்பிலேரியா என்ற குடற்புழுவும் கண்டறியப்பட்டது.

கப்பியை அதிகம் வாட்டுவது கமலானஸ் என்னும் சிவப்புப் புழு. அது குடலில் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். மீன் தின்னும், ஆனால் மெலியும், நிறம் மங்கும், குஞ்சுகள் குறையும். மீன் அசையாது நிற்கும்போது மலவாயில் சிவப்பு நூல்போல் தொங்கினால் சந்தேகமே வேண்டாம். உப்பு போடுவதால் இப்புழு சாகாது.

இதற்கு உதவுவது, கால்நடைக்குக் கொடுக்கும் அதே லெவமிசோல் மருந்து. வேறு மருந்து கலக்காததா என்று லேபலைப் பார்த்து வாங்குங்கள். ஒரு லீற்றர் நீருக்கு 2 மில்லிகிறாம் போதும். கணக்கு எளிது: தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, விடையை 28ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 4 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி நீர் என்றால் ஏறத்தாழ 500 லீற்றர். அதற்கு 1 கிறாம் மருந்து. நூற்றுக்குப் பத்து வீதத் தூளானால் 10 கிறாம்.

முதலில் ஒரு வாளியில் சில மீன்களை விட்டுச் சோதியுங்கள். பின்னர் தொட்டியில் கரைத்து, வெயில் படாமல் மூடி, காற்றோட்டம் கொடுத்து 24 மணித்தியாலம் விடுங்கள். மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்வதால் அது கழிந்து அடியில் விழும். குழாயால் அடியை உறிஞ்சி, பெரும்பகுதி நீரை மாற்றுங்கள். மூன்று வாரத்தில் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் செய்யாவிட்டால் புழு திரும்பிவரும். மருந்து நீரைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். உண்ணும் மீனுக்கு இதைப் பாவிக்கவே வேண்டாம்.

மலம் வெண்ணிற இழைபோல் நீண்டால் அது குடலிலுள்ள நுண்கிருமியாகவும் இருக்கலாம். அதற்கு மெற்றோனிடசோல், நாடாப்புழுவுக்குப் பிரசிகுவான்டெல் என மருந்து வேறுபடும். எனவே, மிருக வைத்தியரையோ நக்டா அலுவலரையோ கேட்டபின் கொடுங்கள்.

வருமுன் காப்பதே மேல். இப்புழுவின் குஞ்சு வாய்க்கால் நீரிலுள்ள சைக்கிளொப்ஸ் என்னும் நுண்ணுயிரின் வயிற்றில் தங்கித்தான் பெரும்பாலும் மீனுக்கு வருகிறது. வாய்க்காலில் வடித்த உயிர் உணவைப் போடாதீர்கள். புது மீனை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அத்தாங்கையும் தொட்டிக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரு சோடி மீனோடு வந்த புழு, ஒரு குடும்பத்தின் வருமானத்தையே தின்றுவிடக்கூடும்.