கையில் கட்டிய வாட்சுக்கும் சுங்க வரியா?

வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் இருக்கும் புதுப் பொருளுக்குத்தான் சுங்கம், உடம்பில் போட்டிருப்பதற்கு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு வா என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அதைக் கேட்டு நடந்தால் வாட்சும் போகும், கைப்பணமும் போகும். விலை உயர்ந்த வாட்சோடு இந்திய விமான நிலையத்தில் இறங்கப்போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் கட்டிவிட்டால் அது பயன்படுத்திய பொருள் ஆகிவிடாதா? ஆகாது. பயணி ஏற்கெனவே பயன்படுத்திவரும் சொந்தப் பொருள்களுக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நேற்று சிங்கப்பூரில் வாங்கி இன்று கட்டிக்கொண்டு வந்த வாட்ச் அந்தக் கணக்கில் சேராது. அது எப்போது, எந்த நாட்டில் உங்கள் கைக்கு வந்தது என்றுதான் அதிகாரி கேட்பார். பதிலைத் தாளில் காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு.

அப்படியானால் எவ்வளவு வரை வரியில்லை? இந்தியாவில் வசிப்பவர்களுக்கும், சுற்றிப்பார்க்க வரும் இந்திய வம்சாவளியினருக்கும் 2016-ஆம் ஆண்டு விதிகள் 50,000 ரூபாய் வரம்பு வைத்திருந்தன. 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகள் அதை 75,000 ஆக்கின. இந்த வரம்புக்குள் வாட்ச் மட்டுமல்ல, நீங்கள் கொண்டுவரும் மற்ற புதுப் பொருள்களும் அடங்கவேண்டும்.

கணவனும் மனைவியுமாக வருகிறோம், இருவர் வரம்பையும் சேர்த்து ஒரே வாட்சுக்குக் காட்டலாமா என்று கேட்கலாம். முடியாது. ஒருவர் வரம்பை இன்னொருவரோடு கூட்ட விதியில் இடமில்லை.

வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு வரி எவ்வளவு? பல ஆண்டுகளாகப் பயணிகளின் சாமானுக்கு 35 சதவீதம் சுங்க வரி, அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி, ஆக 38.5 சதவீதம் என்று வசூலித்துவந்தார்கள். மூன்று லட்சம் ரூபாய் வாட்சுக்கு இதே விகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 75,000 போக மீதி 2,25,000. அதற்கு வரி 86,625 ரூபாய். பட்ஜெட்டில் விகிதம் மாறினால், நீங்கள் சாமானை அறிவிக்கும் நாளில் நடப்பில் உள்ள விகிதமே பொருந்தும்.

வெளிநாட்டில் வாங்கினால் மலிவு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். சிங்கப்பூரில் கிளம்பும்போது 9 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம், துபாயில் 5 சதவீத வாட் வரியைத் திரும்பப் பெறலாம். இரண்டிலும் சேவைக் கட்டணம் கழிப்பார்கள். இங்கே கட்டவேண்டிய வரியோடு வைத்துப் பார்த்தால் அந்த மிச்சம் சிறியது. இதற்கிடையே ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஸ்விஸ் வாட்சுகளுக்கு இங்குள்ள இறக்குமதியாளர்கள் கட்டும் வரி படிப்படியாகக் குறைகிறது. அதனால் சென்னை ஷோரூம் விலையை விசாரிக்காமல் வெளிநாட்டில் வாங்காதீர்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தப் பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்கிறேன் என்று அங்கே சொல்லித்தான் வரியைத் திரும்ப வாங்குகிறீர்கள். அந்த ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து பழைய வாட்ச் என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

சரி, உண்மையிலேயே பழைய வாட்ச் என்றால்? பத்து வருடத்துக்கு முன் இந்தியாவில் வாங்கியது, அதைக் கட்டிக்கொண்டே வெளிநாடு போய்த் திரும்புகிறீர்கள். எந்தத் தப்பும் செய்யாமலே மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இதற்கு எளிய தீர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

அதன் பெயர் ஏற்றுமதிச் சான்று (இந்தப் பொருளை இங்கிருந்தே எடுத்துச் செல்கிறார் என்று சுங்கத் துறை தரும் தாள்). புறப்படும் நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், செக்-இன் செய்யும்போதே சுங்க அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், வாங்கிய பில், வாரன்டி கார்டு, வாட்ச் எல்லாம் கையில் இருக்கட்டும். அதிகாரி பொருளைப் பார்த்து, அடையாளக் குறிப்புகளை எழுதிச் சான்று தருவார். திரும்பி வரும்போது அதைக் காட்டினால் அந்த வாட்சுக்கு வரிப் பேச்சே எழாது.

சான்றில் சீரியல் நம்பர் கட்டாயம் இருக்கவேண்டும். மாடல் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அதே மாடலில் ஆயிரம் வாட்ச் இருக்குமே என்ற கேள்வி வரும். நம்பர் எங்கே இருக்கும் என்று வீட்டிலேயே பார்த்துவையுங்கள். இப்போதைய ரோலக்ஸ்களில் கண்ணாடிக்குக் கீழே, முகப்பைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில், 6 மணி இடத்தில் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். பழைய ரோலக்ஸில் 6 மணிப் பக்கத்து ஸ்ட்ராப்பைக் கழற்றினால்தான் தெரியும். பல கம்பெனிகள் பின்மூடியில் பொறிக்கின்றன. கண்டுபிடித்ததும் செல்போனில் தெளிவாக ஒரு படம் எடுத்துவையுங்கள். பில் தொலைந்துபோயிருந்தால் இந்தியாவில் சர்வீஸ் செய்த ரசீதும் கைகொடுக்கும், அதில் நம்பரும் தேதியும் இருந்தால் இன்னும் நல்லது.

இறங்கியபின் எந்த வழியாக வெளியே வருவது? வாட்ச் வரம்பைத் தாண்டியது என்றால் ரெட் சேனல் (வரிக்குரிய பொருள் உள்ளவர்கள் போகும் வழி). கிரீன் சேனலில் கால் வைத்தாலே, என்னிடம் வரிக்குரியது ஏதுமில்லை என்று அறிவித்ததாகத்தான் பொருள். அதற்கப்புறம் நிறுத்திக் கேட்கும்போது, இப்போது கட்டிவிடுகிறேன் என்று சொன்னால் காலம் கடந்துவிட்டது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி வாட்சைப் பறிமுதல் செய்யலாம். அதை மீட்க வரியோடு மீட்புத் தொகையும் அபராதமும் கட்டவேண்டி வரும். ரெட் சேனலில் போனவர் வரியைக் கட்டிவிட்டு வாட்சோடு வீடு போய்ச் சேர்கிறார்.

வரி கட்ட வசதியில்லை, பத்து நாளில் திரும்ப வெளிநாடு போகிறவர் என்றால் இன்னொரு வழி உண்டு. வாட்சைச் சுங்கத்திடம் ஒப்படைத்து, நாட்டைவிட்டுப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தின் 80-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் உண்மையாக அறிவித்தவருக்குத்தான் இந்த வசதி.

வாட்சை எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் ரசீது வாங்குங்கள். அதில் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதா என்று நின்று படியுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரவேண்டும், காரணம் காட்டினால் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். நோட்டீஸ் வேண்டாம் என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அப்படிப்பட்ட படிவம் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு ரோலக்ஸ் வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அளவு என்று கருத முடியாது என்றும் 2025-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, பறிமுதல் என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடத் தேவையில்லை.

வெளிநாட்டுச் சுங்கமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2024 ஜனவரியில் நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரை ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தில் சுமார் மூன்று மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவரிடம் இருந்த ஓடெமார் பிகே வாட்ச் அவருடையதேதான். ஆனால் ஆஸ்திரியாவில் நன்கொடை ஏலத்தில் விற்பதற்காகக் கொண்டுவந்தார். கட்டிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டே திரும்பினால் அது சொந்தப் பொருள். விற்கவோ கொடுக்கவோ கொண்டுபோனால் அது இறக்குமதி. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொண்டுபோகும் வாட்சுக்கும் இது பொருந்தும். ஸ்ட்ராப் முதலைத் தோலில் செய்ததாக இருந்தால் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரலாம், அந்த ஸ்ட்ராப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

கடைசியாக ஒன்று. துபாயிலோ சிங்கப்பூரிலோ தெரிந்தவர் ஒருவர், இதைக் கட்டிக்கொண்டு போங்கள், சென்னையில் ஒரு ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லலாம். டிக்கெட் காசும் தருவதாகச் சொல்லலாம். நம் ஊரில் இந்த வேலைக்குக் குருவி என்று பெயர். பிடிபட்டால் வழக்கு உங்கள் பாஸ்போர்ட்டின் மேல்தான் விழும், வாட்சைக் கொடுத்தவர் மேல் அல்ல. எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் அடுத்தவர் வாட்சைக் கையில் கட்டாதீர்கள்.