ஜமுக்காளத்தில் ஜிம்மி வேலை!

ஐப்பசி மழைக்கு சாலவாக்கம் பக்கம் ஏரி நிரம்புகிறதோ இல்லையோ, நாய் வளர்க்கிற வீட்டு ஹாலில் ஒரு வாசனை மட்டும் தவறாமல் நிரம்பிவிடும். கோடை முழுக்க சாதுவாகக் கிடந்த ஜமுக்காளம், ஈரக் காற்று பட்டதும் ஜிம்மி செய்த காரியத்தை ஊருக்கே சொல்ல ஆரம்பிக்கும்!

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஊர் சாலவாக்கம். வேலை ஒரகடத்தில். ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். வருங்கால மாமனார் ஹாலில் உட்கார்கிறார். மூக்கைச் சுருக்குகிறார். காபி வருவதற்குள் கைக்குட்டை வந்துவிடுகிறது. அவர்கள் போனதும் அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான்... ''இந்த வீட்ல நாயா, நானா? முடிவு பண்ணிக்கோ!''

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும் ஸார். இந்த நாற்றத்துக்காகவே தெருவுக்குத் துரத்தப்பட்ட நாய்களும், சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விடப்பட்ட பூனைகளும் உண்டு. நாற்றத்தை விரட்ட நாயை விரட்டத் தேவையில்லை. சமையலறை அலமாரியைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

புதுசாகப் போன சிறுநீரில் அத்தனை நாற்றம் இருக்காது. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கில் சுருக்கென்று ஏறுவது அதுதான். தண்ணீர் காய்ந்தாலும் உப்புகள் நூலுக்குள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் அவை ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி வேலையைக் காட்டும்.

பூனை கேஸ் இன்னும் மோசம். அதன் சிறுநீரில் 'ஃபெலினின்' என்று ஒரு பொருள் உண்டு. அது சிதைந்தால் கந்தக வாடை கிளம்பும். கருத்தடை செய்யாத கடுவன் பூனையிடம் இது ரொம்ப ஜாஸ்தி.

சென்ட் அடித்தால்? நமக்கு மல்லிகை, ஜிம்மிக்கு அதே பழைய விலாசம்! நம் மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். அதை ஏமாற்ற முடியாது. வாடை மிச்சமிருக்கும் வரை அதே இடத்தில்தான் காலைத் தூக்கும்.

செய்ய வேண்டியது

ஈரமாக இருந்தால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பழைய பருத்தித் துணியை மடித்து வைத்து, அதன் மேல் ஏறி நின்று ஒற்றி எடுங்கள். துணி மாற்றி மாற்றி, ஈரம் வராத வரைக்கும்.

அடுத்து வெள்ளை வினிகர். தண்ணீரும் வினிகரும் சம அளவு. கறை இருந்த இடத்துக்குச் சற்று அகலமாகவே நனைத்து, பத்து நிமிஷம் விட்டு ஒற்றி எடுங்கள். வினிகரிலுள்ள அமிலம் அம்மோனியாவைக் கட்டிப்போடும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

முக்கால்வாசி காய்ந்ததும் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிடும். உங்களுக்கு மிஞ்சுவது வேடிக்கை மட்டும்தான்!

ஸ்கங்க் சொல்லிக்கொடுத்த பாடம்

பழைய கறைக்கும் பூனைக்கும் இன்னொரு அஸ்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு பிராணி. பின்பக்கமாகப் பீய்ச்சினால் தெருவே காலி. பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து 1993-ல் வெளியிட்டார். ஹைட்ரஜன் பெராக்ஸைடு, சமையல் சோடா, கொஞ்சம் திரவ சோப்பு... அவ்வளவுதான். ஸ்கங்க் நாற்றமும் கந்தகம்தான் என்பதால் பூனைக் கறைக்கும் இது எடுபடும்.

3 சதவிகித பெராக்ஸைடு அரை லிட்டர், சோடா இரண்டு மேஜைக்கரண்டி, பாத்திரம் தேய்க்கும் திரவம் அரை டீஸ்பூன். மெடிக்கல் ஷாப்பில் 6 சதவிகிதம் கொடுத்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். வாய் திறந்த பாத்திரத்தில் கலந்து உடனே உபயோகிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்தால் வாயு சேர்ந்து வெடித்துவிடும். சாயம் வெளுக்கக்கூடும் என்பதால் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் இந்தக் கலவை ஆகாது. காஞ்சிபுரம் பட்டில் ஜிம்மி கை... ஸாரி, கால் வைத்திருந்தால் நேரே டிரைகிளீனிங்தான்.

பவானி ஜமுக்காளம் மாதிரி பருத்தி என்றால் முழுசாக நனைத்துத் துவைத்து வெயிலில் போடலாம். நனைந்த ஜமுக்காளத்தின் கனம் தூக்கியவருக்குத்தான் தெரியும்! யார் துவைப்பது என்று வீட்டில் தகராறு வந்தால், இருக்கவே இருக்கிறது உத்திரமேரூர்க் கல்வெட்டு... குடவோலை எழுதிப் போடுங்கள். கோரைப்பாயை மட்டும் ஊற வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். துடைத்து, நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள்.

நாற்றம் வருகிறது, இடம் தெரியவில்லையா? கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அடியுங்கள். காய்ந்த கறை மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

செய்யவே கூடாதது

ப்ளீச்சிங் பவுடரோ, ப்ளீச் திரவமோ வேண்டவே வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன், வினிகரோடு சேர்ந்தால் குளோரின்... இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும் விஷவாயுக்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் நாற்றம் போகும் முன் ஆள் போய்விடலாம். வினிகரையும் பெராக்ஸைடையும்கூட ஒரே பாட்டிலில் சேர்க்காதீர்கள்.

பினாயிலும் ஆகாது. பூனை காலை நக்கும் பிராணி. பினாயிலில் உள்ள சில பொருட்களை அதன் ஈரலால் சமாளிக்க முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். இத்தனை நாள் ஒழுங்காக வெளியே போய் வந்த ஜிம்மி திடீரென்று ஹாலிலேயே போனால், அது திமிர் இல்லை. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு... ஏதாவது ஒன்றாக இருக்கலாம். பிரம்பை எடுக்காமல் பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். ஆண் பூனை முக்கி முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. உயிருக்கே ஆபத்து.

ஆபீசில் உடம்பு சரியில்லை என்றால் நாம் லீவ் லெட்டர் எழுதுகிறோம். பாவம், ஜிம்மிக்கு எழுதத் தெரிந்த ஒரே பேப்பர் ஜமுக்காளம்தான். முதலில் படித்துப் பாருங்கள்... அப்புறம் துவைக்கலாம்!