ரி.எஸ்.எச். உயர்ந்தால் என்ன பொருள்?

மட்டக்களப்பு வாவி மீனும் இறாலும் உண்டு வளர்ந்த நமக்குத் தைரொயிட் நோய் வாராது என்பார் சிலர். அயடீன் குறைவினால் வரும் கண்டக்கழலை இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலேயே மிகுந்திருந்தது மெய்தான். 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பதும் சட்டமாயிற்று. ஆயினும், உடலின் எதிர்ப்புச் சக்தியே அச்சுரப்பியைத் தாக்கும் நோயொன்று உண்டு. 1912இல் அதனை விவரித்தவர் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ. அதற்கு மீனும் உப்பும் மருந்தாகா.

ஓயாத களைப்பு, மலச்சிக்கல், உடல் பருத்தல், சித்திரை வெயிலிலும் குளிர்! இவற்றைச் சோம்பலென்று வீட்டார் ஏசுவது கொடுமை.

பரிசோதனைத் தாளில் ரி.எஸ்.எச். உயர்ந்திருக்கக் கண்டோர், சுரப்பி மிகையாய்ச் சுரக்கிறதென மயங்குவர். பெரும்பாலும் உண்மை நேர்மாறானது. ரி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விடுக்கும் ஏவல். செவி மந்தமானவரை உரத்து அழைப்பதுபோல, தைரொயிட் தளரத் தளர அவ்வேவல் உயரும். லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இயல்பென்பர். ஆய்வுகூடந்தோறும் இவ்வெல்லை சிறிது வேறுபடும்.

ரி.எஸ்.எச். சற்றே உயர்ந்து, தைரொட்சின் இயல்பாயிருப்பின், இரண்டு மூன்று மாதங்களின் பின் மீண்டும் சோதிப்பதே வழக்கம். கருவுற்ற பெண்ணுக்கு இக்காத்திருப்புப் பொருந்தாது. சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொட்சினை நம்பியிருக்கிறது. இரண்டும் இயல்பாயிருந்தும் களைப்பு நீங்காவிடின், இரத்தச்சோகையோ நீரிழிவோ மனச்சோர்வோ காரணமாகலாம். அவற்றையும் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். அயல்வீட்டு அம்மாளின் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்குவோருக்கு நெஞ்சுப் படபடப்பே மிஞ்சும்.