பூனைக் கீறல் நோய்: 'பாசிட்டிவ்' என்று வந்தால் எவ்வளவு நம்பலாம்?

பூனைக்குட்டி பிறாண்டி ஓரிரு வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, லேசாகக் காய்ச்சலும் இருந்தால் பூனைக் கீறல் நோயைச் சந்தேகிக்கலாம். காரணம் பார்ட்டொனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா. பூனைக்குப் பூனை இதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சிக்கல் என்னன்னா, காசநோயிலும் லிம்போமா என்ற புற்றுநோயிலும் இதே மாதிரி நெறி கட்டும். அங்கே தப்பாக முடிவெடுத்தால் விலை அதிகம்.

ரத்தப் பரிசோதனை நேரடியாகக் கிருமியைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. சீரத்தைப் படிப்படியாக நீர்க்க வைத்து, எந்த அளவு வரை ஆன்டிபாடி தெரிகிறது என்று ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பொதுவாக ஐஜிஜி அளவு 1:64-க்குக் கீழே என்றால் இப்போதைய தொற்றுக்கு வாய்ப்பு குறைவு. 1:256-ஐத் தாண்டினால் சமீபத்திய தொற்று என்ற சந்தேகம் வலுக்கும். இடைப்பட்டது என்றால் 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் அது நல்ல ஆதாரம்.

எல்லைக்கோட்டை 64-ல் வைத்தால் நிறைய நோயாளிகள் சிக்குவார்கள்; கூடவே எப்போதோ பழைய தொற்று வந்துபோனவர்களும் சிக்குவார்கள். 256-க்கு ஏற்றினால் பொய்யான பாசிட்டிவ் குறையும், உண்மையான சில நோயாளிகள் நழுவிவிடுவார்கள். சர்வர் அலாரத்துக்கு அளவு வைக்கிற எவருக்கும் பழகிய தலைவலிதான் இது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்கள் புரிந்துகொள்வதற்காக நானே வைத்தவை. நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிற, இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிற ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கூட்டம்: பூனை பிறாண்டி நெறியும் கட்டிய 1000 பேர். அதில் 600 பேருக்கு உண்மையிலேயே இந்த நோய். பாசிட்டிவ் வருபவர்கள் 510 + 20 = 530. இதில் 96 சதவீதம் உண்மை.

இரண்டாவது கூட்டம்: பூனைத் தொடர்பே தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்ட் எடுத்த 1000 பேர். நோய் உள்ளவர்கள் 20 பேர்தான். பாசிட்டிவ் 17 + 49 = 66. உண்மை வெறும் 26 சதவீதம்!

டெஸ்ட் ஒன்றுதான், மாறியது ஆட்கள் மட்டும். முதல் கூட்டத்தில் நெகட்டிவ் வந்த 470 பேரில் 90 பேருக்கு நோய் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நெகட்டிவ் வந்ததாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ஆனால் அந்த 85, 95 போன்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? 'உண்மையான நோயாளி' யார் என்று வேறு வழியில் தெரிந்தால்தான் டெஸ்டை மதிப்பிட முடியும். இந்தக் கிருமியைக் கல்ச்சரில் வளர்ப்பது கடினம், வாரக்கணக்கில் ஆகும். நெறியிலிருந்து எடுத்த மாதிரியில் பிசிஆர் செய்வது உதவும். அதற்கு ஊசி போட வேண்டும். ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்கள் பூனை வளர்க்காதவர்களாக இருந்தால், டெஸ்ட் நிஜத்தைவிட நன்றாக வேலை செய்வது போலத் தோன்றும். பார்ட்டொனெல்லா குவின்டானா போன்ற உறவுக்காரக் கிருமிகளுக்கான ஆன்டிபாடியும் இதில் குறுக்கே வரும்.

அதனால் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன்: அளவு எவ்வளவு? பூனைத் தொடர்பு உண்டா? இரண்டாவது மாதிரி எடுத்தாச்சா? இவற்றுக்குப் பிறகும் நெறி வற்றாமல் வளர்ந்துகொண்டே போனால், பாசிட்டிவ் ரிப்போர்ட் கையில் இருந்தாலும் டாக்டரிடம் பயாப்ஸி பற்றிக் கேட்டுவிடுங்கள்.