பிரித்தெடுத்த வீடுகளும் பிழைத்த தெருவும்

1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-ல் கிறிஸ்தவக் கலாசாலை பட்டணத்தை விட்டு இங்கே வந்து சேர்ந்தது. ஏரியும் வயலுமாயிருந்த சுற்றுப்புறத்துக் கிராமங்கள் சிறிது சிறிதாகப் பட்டணமாயின. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாகவே உயர்ந்துவிட்டது. இந்த வளர்ச்சியில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் திண்ணையும் முற்றமுமாக நின்ற பழைய வீடுகள் இடிபட்டு அடுக்கு மாடிகளாவதைப் பார்க்கும்போது, இதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு வழியை முட்டுக்காட்டில் காணலாம். தாம்பரத்திலிருந்து கிழக்கே சென்று கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால், 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வரும். செட்டிநாட்டு வர்த்தகர் மாளிகை, அக்கிரகாரத்து வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் இல்லம் என்று, இடிபடவிருந்த வீடுகளை வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இதை நிறுவியவர் அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டு மருமகளான டெபோரா தியாகராஜன். வரைபடம் தந்தவர் இங்கிலாந்தில் பிறந்து இந்தியப் பிரஜையான லாரி பேக்கர். நம் பாட்டனார் வீட்டின் அருமையை நமக்குச் சொல்ல அவர்கள் கடல் கடந்து வரவேண்டியிருந்தது! வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

தூணும் கதவும் பிழைத்தன. அது பெரிய காரியம். ஆயினும் அந்தத் திண்ணையில் அடுத்த வீட்டுத் தாத்தா வந்து உட்காரப்போவதில்லை. சமையலறை அடுப்பில் புகையில்லை. வீடு வந்தது, தெரு வரவில்லை.

தெருவையே காப்பாற்றிய ஊர் புதுச்சேரி. கால்வே சுப்பராய செட்டி வீதி என்பது அதன் பெயர். ஊரார் வைசியாள் வீதி என்பார்கள். அங்குள்ள தமிழர் வீடுகளின் அமைப்பே தனி. வீட்டுக்கு முன்னால் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. அதற்குள் திண்ணை விருந்தினருக்கு. அப்புறம்தான் வீட்டாருக்குரிய முற்றம். வெயிலில் நடப்பவன் யாரென்று கேளாமல் அவனுக்கு நிழல் கொடுத்த ஏற்பாடு இது. 2002-க்கும் 2004-க்கும் இடையில் இன்டாக் சங்கமும் புதுச்சேரி நகராட்சியும் ஐரோப்பிய உதவி பெற்று இவ்வீதியைச் சீர்திருத்தின. செலவில் வீட்டுக்காரர்களும் பங்கேற்றார்கள். 2008-ல் யுனெஸ்கோ இதைப் பாராட்டி விருது வழங்கிற்று. விருதைக் காட்டிலும் நமக்குப் பெரிதாகப்படுவது, குடியிருப்போர் இருக்கும்போதே தெரு புதுப்பிக்கப்பட்டதுதான்.

தாம்பரத்திலும் இது நடக்குமா? தடைகள் தெரிந்தவைதான். பாட்டனார் வீட்டுக்கு ஏழு வாரிசுகள். பாகப் பிரிவினை முடிவதற்குள் கூரை விழுந்துவிடுகிறது. மனையின் விலையோ வீட்டின் விலையைப்போலப் பன்மடங்கு. இவற்றுக்கு நம்மிடம் மருந்தில்லை.

ஆனால் ஒரு கெடுதலை இன்றே நிறுத்தலாம். பழைய வீட்டுக்காரர் பலர், ரிப்பேர் என்றதும் சுவரில் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த வாசலை அடைக்கிறது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல் உதிர்கிறது. "பழைய சுவர் தாங்காது" என்று இடிக்க ஆள் வருவது அதன் பிறகுதான்! சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கூலி சற்று அதிகம். வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஒரே தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து அழைத்தால் செலவு குறையும். நாலு வீட்டார் கூடிப் பேசுவதற்குத் திண்ணை எந்த வீட்டில் மிச்சமிருக்கிறதோ, அங்கே ஆரம்பிக்கலாம்.